தொழிலாளர் துணைவர் நடேசய்யர்

இலங்கையினின்றும் மீண்ட தமிழர்க்கு வாழ்வளிக்கும் பொருட்டு, நீலகிரியில் 1968ஆம் ஆண்டு முதல் அரசு தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. அத்தமிழரின் முன்னோர்க்கு இலங்கை மலைநாட்டில் அரணாய் நின்றவர் கோ. நடேசய்யர்.

இவர் 1887ஆம் ஆண்டு தஞ்சை மாவட்டத்திற் பிறந்தார். இலங்கை சென்றபொழுது தோட்டத் தொழிலாளர் படும் துயர் கண்டு உள்ளம் உருகினார். துரையின் சினத்திற்கு ஆளானவன் வேலையோடு குடியிருந்த லயத்தையும் இழந்தான். லயம் தோட்டத்திற்கு உரியதன்றோ! கங்காணியிடம் பட்ட கடனைக் குறிக்கும் ‘துண்டு’ என்னும் சீட்டின்றி வேறு தோட்டம் புகுதலும் அரிதாயிருந்தது. 1921இல் சட்டம் துண்டினை ஒழித்தது, அச்சம் ஒழிந்திலது.

அயலார் தோட்டத்துட் புகுதல் தடுக்கப்பட்டிருந்தமையின், ஐயர் துணி வணிகர்போல் வேடம் பூண்டு சென்று அவர்கள் நிலையை நேரிற் கண்டார். இதழ்கள் நடத்தினார், சட்டசபையில் வாதாடினார். மனைவியார் மீனாட்சியம்மையார் பாடல்களால் தொழிலாளரைத் தட்டி எழுப்பினார். ஒருவன் தனித்து நியாயம் கேட்பின் வெளியேற்றப்படுவான். அனைவரும் ஒருங்கே கேட்பின் எவரை வெளியேற்றுவது? இதனை உணர்ந்த ஐயர் 1931இல் தோட்டத் தொழிலாளர் சங்கம் கண்டார், 1947இல் மறைந்தார்.

குற்றம் புரிந்தோனை நீக்கும் உரிமை முதலாளிக்கு உண்டு. ஆயின் காரணம் கூறாமலும் அவன் சொல்லைக் கேளாமலும் ஒரு குடும்பத்தின் அடுப்பை அவித்தல் அறமாகாது. இதுவே ஐயரின் வாழ்வு நமக்கு உணர்த்தும் உண்மையாகும்.