வீரமாமுனிவர் கண்ட அன்னை

கிறித்தவ ஓவிய மரபில் மிகுதியாகத் தீட்டப்பெற்ற காட்சிகளுள் ஒன்று, மழலையை மடியில் ஏந்திய மரியன்னையின் காட்சி. அவ்வோவியங்கள் செழித்த இத்தாலியில், மாந்துவா நகர்ப் பகுதியைச் சார்ந்த காஸ்திலியோனே என்னும் ஊரில், 1680 நவம்பர் 8-ஆம் நாள் பெஸ்கி பிறந்தார். அதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன், மாந்துவா அரசவை ஓவியரான மாந்தேஞா தாயும் சேயுமாய் அமைந்த படங்கள் பலவற்றைத் தீட்டியிருந்தார். 1698-இல் இயேசு சபையில் சேர்ந்த பெஸ்கி, 1710-இல் இந்தியா வந்தார், மதுரை மறைப்பணியில் ஈடுபட்டுத் தமிழ் கற்றார், வீரமாமுனிவர் ஆனார்.

நம் கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் அவர் எழுப்பிய ஆலயத்து அன்னைக்குப் பெரியநாயகி என்று பெயர். பழமலைநாதர் கோயில் அம்மையின் திருப்பெயரும் அதுவே. தமிழ்ப்பெண்ணின் கோலத்தில் அன்னையைப் படமாக எழுதுவித்து, அப்படத்தின்படி மணிலாவில் சிலை செய்வித்துக் கொணர்ந்தார் என்பது வழிவழி வரும் செய்தி. அயல்நாட்டு அரசியின் கோலத்தில் நிற்கும் அன்னையை நம்மவர் வணங்கியிருப்பர். ஆயினும், சேலையுடுத்துப் பிள்ளையை ஏந்தி நிற்பவளிடமே ஒரு தாய் உரிமையோடு தன் குறையைச் சொல்லி அழ முடியும். முனிவர் இதனை உணர்ந்திருந்தார் எனலாம்.

ஏலாக்குறிச்சியாகிய திருக்காவலூரில் அடைக்கல அன்னையைக் கலம்பகத்தால் பாடினார். மகனை இழந்த தாயின் துயரை 'அன்னை அழுங்கல் அந்தாதி' ஆக்கினார். மழலையை ஏந்திய மடியே மாண்ட மகனையும் ஏந்துவதை ஐரோப்பிய ஓவியரும் சிற்பியரும் காட்டினர். அத்துயரைத் தமிழ் அந்தாதியில் வைத்தவர் இவர்.

3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட தேம்பாவணியில் அவர் செய்த மாற்றம் இன்னும் நுண்ணியது. கிறிஸ்து பிறப்பு ஓவியங்கள் பலவற்றில் சூசையப்பர் ஒரு மூலையில் முதியவராய் ஒதுங்கியிருப்பார், சிலவற்றில் உறங்கிக்கொண்டிருப்பார். முனிவரோ அவரையே வளன் என்னும் பெயரால் காப்பியத் தலைவராக்கினார். அதனால், தாயையும் சேயையும் அருகிருந்து காப்பவனின் கண்வழி நாமும் காண்கிறோம். தாய்மையின் கனிவு பெற்றவளுக்கு மட்டும் உரியதன்று என்பதைக் காப்பியத்தின் அமைப்பே உணர்த்திவிடுகிறது.

சதுரகராதியும் தொன்னூல் விளக்கமும் தந்த முனிவர், 1747 பிப்ரவரி 4-ஆம் நாள் கேரளத்து அம்பழக்காட்டில் மறைந்தார். தாம் பெறாத பிள்ளையைப் பேணிய வளனைப் பாடியவர், தமக்குத் தாய்மொழி அல்லாத தமிழையும் அவ்வாறே பேணினார். கோணான்குப்பத்து அன்னையின் முன் நிற்கும் கவிஞர் எவரும் இவ்விரண்டையும் சேர்த்தே நினைப்பர்.