பேட்ரிக் கெடிசின் நகரச் சுகாதாரப் பார்வை: தஞ்சைக் கோட்டையை முன்வைத்து

1896இல் பம்பாயில் பிளேக் பரவிய பின்னர், இந்திய நகரங்களில் சுகாதாரம் என்பது பெரும்பாலும் இடிப்பின் மறுபெயராயிற்று. ஆய்வாளர் வீடு புகுந்து குறைகளைக் குறித்தார். பொறியாளர் நெரிசல் மிக்க தெருக்களின் ஊடே நேர்சாலை வரைந்தார். வீடிழந்த எளியோர் அடுத்த தெருவில் நெருங்கிக் குடியேறினர். நோய்க்கு ஏதுவான நெரிசல் இடம் மாறியதேயன்றிக் குறையவில்லை. இம்முரணை உணர்ந்து மாற்று வழி காட்டியவர் பேட்ரிக் கெடிஸ் (1854–1932).

ஸ்காட்லாந்தில் பிறந்த கெடிஸ், ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்று, 1888 முதல் டண்டீயில் தாவரவியல் பேராசிரியராக விளங்கினார். 1886இல் அன்னா மார்ட்டனை மணந்தவர், மறு ஆண்டே எடின்பரோவின் சீர்கெட்ட ஜேம்ஸ் கோர்ட் குடியிருப்பில் குடிபுகுந்தார். அண்டை வீட்டாருடன் கூடிச் சுவர்களுக்கு வண்ணம் பூசி, வெற்றிடங்களில் தோட்டம் அமைத்தார். அவருடைய நகரமைப்புக் கொள்கை குடியிருந்த வீட்டில் உருப்பெற்றது எனலாம்.

சென்னை ஆளுநர் பென்ட்லண்டின் அழைப்பை ஏற்று 1914இல் இந்தியா வந்தார். அவருடைய கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை எம்டன் மூழ்கடித்தது. புதிதாகத் திரட்டிய பொருள்களைக் கொண்டு 1915இல் சென்னையில் கண்காட்சி நடந்தது. அக்காலத்தே மாகாண நகரங்கள் பலவற்றை ஆராய்ந்து அறிக்கைகள் எழுதினார். தஞ்சை அவற்றுள் ஒன்று.

தஞ்சைக் கோட்டைப் பகுதியின் நெரிசலைப் போக்க, வீடுகளை இடித்து நேர்சாலைகள் இடும் திட்டம் இருந்தது. பழுதுற்ற சில வீடுகளை மட்டும் அகற்றி, சந்துகளைச் சற்றே அகலப்படுத்தி, சிறு வெளிகளைத் திறந்துவிட்டாலே காற்றும் ஒளியும் கிடைக்கும் எனக் கெடிஸ் வரைபடத்தால் விளக்கினார். மருத்துவத்தினின்று சொல்லெடுத்து, இம்முறையை உறுப்பைக் காக்கும் அறுவையாகக் கருதினார். கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்ப்பதையும் அவர் ஏற்கவில்லை. மீனும் வாத்தும் கொசுப்புழுக்களை உண்ணும். குளமோ வெப்பம் தணித்து மழைவெள்ளத்தை ஏற்கும் என்பது அவர் வாதம். முற்றத்துத் துளசி மாடத்தை இல்லத் தூய்மையின் அடையாளமாகக் கண்டார்.

1917இல் மகனைப் போரிலும் மனைவியைக் கல்கத்தாவில் நோயிலும் இழந்தார். பிளேக் வாட்டிய இந்தூரில், தீபாவளி ஊர்வலம் நன்கு தூய்மை செய்த தெருக்களின் வழியே செல்லும் என அறிவித்து, மக்களைத் தாமே வீடுகளைச் செப்பனிடச் செய்தார். அச்சத்தால் ஆகாதது விழாவால் ஆயிற்று. 1919 முதல் 1924 வரை பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக இருந்தார். 1932இல் பிரான்சின் மான்பெலியேயில் மறைந்தார்.

குடியிருப்போரை நோயின் காரணமாகக் கருதாது, மருத்துவத்தின் துணையாகக் கருதியதே அவர் பார்வையின் தனித்தன்மை. தஞ்சை முதல் அதிராம்பட்டினம் வரை, குளங்களைச் சூழ்ந்து வளர்ந்த காவிரிப் படுகை ஊர்களின் சுகாதார வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு அவருடைய தஞ்சை அறிக்கை தக்க தொடக்கமாகும்.