பறங்கி நோயும் கஸ்தெல்லானியும்

எங்கள் தீவுகளுக்கு அந்நியர் இட்ட பெயர்கள் பல. ஊர்காவற்றுறையைக் கைற்ஸ் என்பது போர்த்துக்கேயரின் துறைமுகச் சொல்லிலிருந்து வந்தது. நெடுந்தீவை டெல்வ்ற் என்றும், நயினாதீவை ஹார்லெம் என்றும், புங்குடுதீவை மிடில்பேர்க் என்றும் அழைத்தவர்கள் ஒல்லாந்தர். தம் நாட்டு நகரங்களின் நினைவு அவர்களுக்கு. அப்பெயர்களுட் சில நிலைத்தன. சில ஏட்டோடு போயின. நாம் அந்நியருக்கு இட்ட பெயரும் ஒன்று உண்டு. அது ஒரு நோயின்மேல் ஏறி நெடுங்காலம் நின்றது. பறங்கி என்பதே அப்பெயர்.

பறங்கியர் கொணர்ந்த நோய் என்று கருதியே தமிழரும் சிங்களவரும் அவ்வாறு அழைத்தனர் போலும். வடமொழி மருத்துவ நூலாகிய பாவப்பிரகாசமும் மேகநோயைப் பிரங்க ரோகம் என்றே குறித்தது. ஐரோப்பாவிலோ இத்தாலியர் அதனைப் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றனர். அடுத்த வீட்டான் தலையிற் பழியைப் போடும் இயல்பு எந்த நாட்டாருக்கும் புதிதன்று.

இலங்கையில் இப்பெயரால் ஒரு குழப்பமும் விளைந்தது. பறங்கி என்ற சொல்லின் நிழலில் இரண்டு நோய்கள் ஒதுங்கி நின்றன. ஒன்று, உடலுறவாலே தொற்றும் சிபிலிஸ் எனும் மேகநோய். மற்றது யோஸ். வன்னிக் காட்டுக் கிராமங்களில் சிறுவரின் கால்களிற் புண்ணாய்த் தொடங்கி, தோலோடு தோல் பட்ட அளவிலே அடுத்த பிள்ளைக்குத் தாவி, கவனியாது விட்டால் எலும்பையும் அரிப்பது அது. அதனிடத்தில் ஒழுக்கக் குறை யாதுமில்லை. செருப்பும் சவர்க்காரமும் வைத்தியரும் இல்லாத குறையே உண்டு. 1881இல் கின்சி என்ற அரசாங்க வைத்திய அதிகாரி இதுபற்றி ஓர் அறிக்கை எழுதினார். எனினும் கிருமி அகப்படவில்லை.

அதனைக் கண்டவர் அல்டோ கஸ்தெல்லானி. 1874இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரிற் பிறந்தவர். அங்கேயே வைத்தியப் பட்டம் பெற்று, ஜேர்மனியின் பொன் நகரில் நுண்ணுயிரியல் பயின்று, லண்டனில் மான்சன் என்ற பெரியாரின் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியை அடைந்தார். 1902இல் உகண்டாவில் மக்களைக் கொள்ளை கொண்ட தூக்கநோயை ஆராயச் சென்ற மூவருள் இவரும் ஒருவர். நோயாளரின் முள்ளந்தண்டு நீரிலே அந்நோய்க் கிருமியைக் கண்டார். பின்னர் அங்கு வந்த டேவிட் புரூசுக்கும் இவருக்குமிடையே பெருமை யாருக்கு என்ற வழக்கு எழுந்து பத்திரிகைகள்வரை சென்றது. புகழில் நாட்டமுள்ளவர் என்பதை நான் மறைக்கப் போவதில்லை.

1903இல் கொழும்புக்கு வந்தார். பக்றீரிய ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையும் வைத்தியக் கல்லூரியில் ஆசிரியப் பணியும் அவருக்குக் கிடைத்தன. பன்னிரண்டு ஆண்டுகள் இந்த நாட்டில் இருந்தார். 1905ஆம் ஆண்டு பேர்லினில் ஷௌடினும் ஹொவ்மனும் சிபிலிஸ் புண்ணில் சுருள் வடிவான ஒரு வெளிறிய கிருமியைக் கண்டார்கள். அதே ஆண்டிற் கொழும்பிலிருந்த கஸ்தெல்லானி பறங்கிப் புண்ணிலும் அத்தகைய கிருமியைக் கண்டார். உருவில் இரண்டையும் பிரித்தறிய இயலாது. அதன் மெல்லிய வடிவம் பற்றி, மிக மெல்லியது என்று பொருள்படும் இலத்தீன் பெயரை அதற்கு இட்டார். இரண்டும் ஒரு நோயா, வேறா என்று அறியக் குரங்குகளுக்கு ஊட்டிச் சோதித்து, வேறு என்றே முடிவு கட்டினார். இன்றைய அறிவியல் அவற்றை ஒரே இனத்தின் இரு கிளைகள் என்கிறது. அவற்றின் மரபணுத் தொகுதிகளிடையே வேறுபாடு நூற்றுக்கு 0.2 பங்கிலும் குறைவு.

இந்தச் சிறு வேறுபாடு சாதாரண மனிதருக்கு எவ்வளவு பெரிதென்பதை நான் கண்டிருக்கிறேன். 1906இல் வாசர்மன் அமைத்த குருதிச் சோதனையும், 1946இல் வந்து இன்றுவரை வழங்கும் வீ.டி.ஆர்.எல். சோதனையும், பின்வந்த நுட்பமான சோதனைகளும் கிருமியைத் தேடுவனவல்ல. கிருமியை எதிர்த்து உடல் ஆக்கிய பொருள்களைத் தேடுவன. ஆகவே சிபிலிசும் யோசும் சோதனையில் ஒரே விடையையே தரும். எங்கள் பகுதி ஆச்சி ஒருவரைக் கனடாவிலுள்ள மகன் அழைத்தபோது, குடிவரவு மருத்துவ சோதனையில் அவ்விடை வந்தது. வீட்டில் நெருப்பு விழுந்தது போலாயிற்று. இறந்து போன கணவரின் பெயரும் சந்திக்கு வந்தது. நல்லவேளையாக, ஒரு முதிய வைத்தியர் ஆச்சி சிறுவயதில் எங்கே வளர்ந்தார் என்று கேட்டார். வன்னியில் என்றார் ஆச்சி. காலில் இருந்த பழைய வடுவையும் காட்டினார். வடுவையும் வளர்ந்த இடத்தையும் சேர்த்துப் பார்த்தே வைத்தியர் பறங்கி என்றார். சோதனை மட்டும் அதைச் சொல்லியிராது. எது எப்படியாயினும் பென்சிலின் ஏற்றுவதே வழி என்று ஏற்றிவிட்டார்.

அந்த ஆச்சிக்கு வேறு நோயே இருந்திருந்தாலும் என்ன? சிபிலிஸ் ஆண்டுக்கணக்கில் அறிகுறியின்றி உடலில் உறங்கும். கர்ப்பவதியிடமிருந்து சிசுவுக்குச் செல்லும். இரத்தத்தைச் சோதித்தாலன்றி அறிய வழியில்லை. கர்ப்பவதிகளின் குருதியைச் சோதித்து மருந்தளித்து வந்ததனாலேயே, தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை இலங்கை ஒழித்ததென 2019இல் உலக சுகாதார தாபனம் சான்றளித்தது. தாய்மாருக்கு இது எளிது. கிளினிக்குக்குப் போகும் நாளில் எல்லாருக்கும் எடுக்கும் இரத்தம்தான். ஆடவர் பாடே கடினம். அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களிற் சோதனை இலவசம், இரகசியமும் பேணப்படும். ஆயினும் நெடுந்தீவான் ஒருவன் குறிகட்டுவானுக்குப் படகேறி, அங்கிருந்து பஸ்ஸிற் பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம் சேருமுன், எங்கே பயணம், என்ன அலுவல் என்று எத்தனை பேருக்குப் பதில் சொல்லவேண்டும்! பல்லுவலி என்று சொல்லி அரைவழியில் திரும்பியவர்களும் இருப்பார்கள். கிருமிக்குப் பெயரிட்ட கஸ்தெல்லானியாலும் இந்த வெட்கத்துக்கு மருந்து காண முடியவில்லை.

1915இல் அவர் இலங்கையை விட்டு நேப்பிள்சுக்குச் சென்றார். சல்மேர்சுடன் சேர்ந்து எழுதிய வெப்பமண்டல மருத்துவ நூலும், தோற் பூஞ்சணத்துக்கு அவர் கண்ட சிவந்த பூச்சுமருந்தும் அவர் பெயரை உலகெங்கும் கொண்டு சென்றன. பின்னாளில் முசோலினியின் வைத்தியரானார். 1935இல் எதியோப்பியாமீது இத்தாலி படையெடுத்தபோது அப்படையின் மருத்துவப் பணிகளுக்குத் தலைமை தாங்கினார். தம் படைவீரரை நோயிலிருந்து காத்த திறமையை உலகம் மெச்சிற்று. எதிர்ப்பக்கத்து ஏழைகள்மீது அதே படை நச்சுவாயு வீசிற்று. வன்னிப் பிள்ளைகளின் புண்ணை உற்றுநோக்கிய கண் அதனைக் காணாதது எனக்கு இன்றும் நெஞ்சிற் தைக்கிறது.

1946இல் இத்தாலியின் முடியாட்சி ஒழிந்தது. அரச குடும்பத்தைத் தொடர்ந்து போர்த்துக்கல் சென்ற கஸ்தெல்லானி, லிஸ்பன் நகர வெப்பமண்டல மருத்துவ நிலையத்திற் பேராசிரியராயிருந்தார். 1960இல் தம் வரலாற்றை நூலாக வெளியிட்டார். 1971 ஒக்டோபர் 3ஆம் நாள், பறங்கியரின் தலைநகராகிய அந்த லிஸ்பனிலேயே காலமானார்.