ஒருவரே ஐவர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

புதுக்கோட்டை மண் கலைக்குப் பெயர் பெற்றது. ஏழாம் நூற்றாண்டிலேயே இசையின் சுரங்களைக் கல்லில் பொறித்து வைத்த குடுமியான்மலை நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு ஏற்றிய மாமுண்டியா பிள்ளையும், மிருதங்கத்திலும் கஞ்சிராவிலும் சிங்கமென விளங்கிய தட்சிணாமூர்த்திப் பிள்ளையும் இவ்வூரின் புகழை நாடெங்கும் பரப்பினார்கள். அந்த வரிசையில் வந்தவர்தான் நடிப்பிசைப் புலவர் பி.யு.சின்னப்பா. ஆயினும் என் வகுப்புத் தோழர்களில் அவரை அறிந்தவர் இருவரோ மூவரோதான். சென்ற ஆண்டுவரை நானும் அவர் பெயரை மட்டுமே அறிந்தவன். ஒரு கருவி எங்கள் சொற்படி கேட்க மறுத்தபோதுதான் அவர் வாழ்க்கையைத் தேடிப் படிக்க நேர்ந்தது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

இளமைப் பருவம்

புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக இருந்த காலம் அது. 1916-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் நாள், உலகநாத பிள்ளை, மீனாட்சி அம்மாள் தம்பதியருக்கு மகனாகப் பிறந்தார் சின்னப்பா. பெற்றோர் இட்ட பெயர் சின்னசாமி. தந்தையார் நாடக நடிகர். ஆகவே பாட்டும் வசனமும் வீட்டிலேயே காதில் விழுந்துகொண்டிருந்தன. பள்ளிப் படிப்பு அதிகம் வாய்க்கவில்லை. சிறு வயதிலேயே பாலர் நாடகக் கம்பெனியில் சேர்க்கப்பட்டார். பின்னர் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குச் சென்றார். பிற்காலத்தில் தமிழக முதலமைச்சரான எம்.ஜி.ஆரும் சிறுவனாக அதே கம்பெனியில் இருந்தவர்தான்.

நாடகக் கம்பெனி என்றால் இன்று நமக்குப் பொழுதுபோக்காகத் தோன்றலாம். அன்றோ அது குருகுலம். விடியுமுன் எழுந்து சாதகம் செய்யவேண்டும். வசனம் மனப்பாடமாக வேண்டும். இரவு விளக்கு அணையும்வரை மேடையில் நிற்கவேண்டும். ஒலிபெருக்கி வழக்கத்திற்கு வராத அந்நாளில், கடைசி வரிசையில் மண் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் கேட்கும்படி பாடவேண்டும். சின்னப்பாவின் வெண்கலக் குரல் அங்கேதான் உருவாயிற்று.

குரல் உடைந்த காலம்

பாலர் கம்பெனி நடிகர்கள் அனைவருக்கும் ஒரு கண்டம் உண்டு. அதுதான் மகரக்கட்டு. பருவம் வந்ததும் குரல் உடையும். பாடமுடியாத பையனுக்குக் கம்பெனியில் இடமில்லை. சின்னப்பாவுக்கும் அந்த நாள் வந்தது. நேற்றுவரை ராஜபார்ட் கட்டி நின்றவர் வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

என் மனத்தை மிகவும் தொட்டது இந்தப் பகுதியே. வேறொருவராயிருந்தால் தொழிலையே மாற்றிக்கொண்டிருப்பார். அவரோ முறையாகக் கர்நாடக சங்கீதம் பயின்றார். சிலம்பம் கற்றார், பளு தூக்கி உடலை வளர்த்தார். யாரும் அழைக்காத அந்த நாட்களில் அவர் சேர்த்து வைத்ததெல்லாம் பின்னாளில் வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது.

திரையில்

தமிழில் படங்கள் பேசத் தொடங்கியது 1931-இல். ஐந்தாண்டுகள் கழித்து, 1936-இல் வெளிவந்த ‘சந்திரகாந்தா’ படத்தில் சின்னப்பா திரைக்கு வந்தார். தொடர்ந்து சில படங்களில் நடித்தும் பெரிய பெயர் கிட்டவில்லை. மீண்டும் வாய்ப்பில்லாத காலம். மனம் உடைந்து அவர் மௌன விரதம் பூண்டிருந்ததாகச் சொல்வார்கள்.

அந்த இருளை நீக்கியது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி.ஆர்.சுந்தரத்தின் அழைப்பு. 1940-இல் வந்த ‘உத்தமபுத்திர’னில் அவருக்கு இரட்டை வேடம். ஒரே முகம் திரையில் இருவராகத் தோன்றியதைக் கண்டு தமிழகம் வியந்தது. அடுத்து 1941-இல் ‘ஆர்யமாலா’, 1942-இல் ‘கண்ணகி’, ‘மனோன்மணி’, 1943-இல் ‘குபேர குசேலா’ என வெற்றிகள் குவிந்தன. தியாகராஜ பாகவதருக்கு ஈடாகச் சொல்லப்பட்ட ஒரே பெயர் சின்னப்பாதான். பட்டிதொட்டியெல்லாம் இரு கட்சியாகப் பிரிந்து, எவர் பெரியவர் என்று வாதாடியது.

ஐந்து சின்னப்பாக்கள்

1944-இல் பட்சிராஜா பிலிம்சாரின் ‘ஜகதலப்பிரதாபன்’ ஸ்ரீராமுலு நாயுடுவின் இயக்கத்தில் வெளிவந்தது. அதில் ஒரு கச்சேரிக் காட்சி. மேடையில் ஐவர் அமர்ந்திருப்பார்கள். பாடகரும் சின்னப்பா, பக்கவாத்தியம் வாசிப்பவர்களும் சின்னப்பாவே! கணினி என்ற சொல்லே நம் நாட்டில் வழங்காத காலத்தில் இதைச் செய்திருக்கிறார்கள்.

எப்படி முடிந்தது? காமிராவின் பார்வையில் ஒரு பகுதியை மட்டும் திறந்து, மற்றதைக் கறுப்புத் தடுப்பால் மறைத்துப் படம் பிடிப்பார்கள். பிறகு அதே படச்சுருளைத் திருப்பிச் சுற்றி, பிடித்த பகுதியை மறைத்து, அடுத்த பகுதியைத் திறந்து பிடிப்பார்கள். அக்காலத்து வேடத் தந்திரங்களுக்கெல்லாம் இதுவே அடிப்படை. காமிரா மயிரிழை அசைந்தாலும், ஒருமுறை நடிகரின் கை தாளம் தப்பினாலும், அதுவரை பிடித்ததெல்லாம் வீண். மிருதங்கத்தின் முன் அமரும் சின்னப்பா, சற்று முன்னர் பாடிய சின்னப்பா எங்கே மூச்சு விட்டார், எங்கே கார்வை கொடுத்தார் என்பதை நெஞ்சில் வைத்திருக்கவேண்டும். வாத்தியத்தின் நடை அறியாதவர் கையை அசைத்தால் சபையில் இருக்கும் ரசிகர் கண்டுபிடித்துவிடுவார். ஊர் திரும்பிய நாட்களில் கற்ற சங்கீதம் இங்கே அவருக்குத் துணை நின்றது.

எங்கள் முயற்சி

இனி எங்கள் கதை. கல்லூரிக் கலைவிழாவில் அக்காட்சியை ஒலிவடிவில் செய்து காட்ட நாங்கள் நால்வர் முடிவு செய்தோம். பாட்டு, மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் ஐந்தையும் நன்கறிந்த நண்பர் ஒருவர் எங்களிடையே இருந்தார். ஒவ்வொன்றையும் மடிக்கணினியில் தனித்தனித் தடமாகப் பதிவு செய்வது. ஐந்தையும் மேடையில் ஒரு கட்டுப்பாட்டுப் பலகையால் ஏற்றி இறக்குவது. இதுவே திட்டம். என் தந்தையார் திருவிழாக்களுக்கு மைக்செட் கட்டுபவர். ஆகையால் கருவிப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நகரில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருப்பவர் ஒருவர் பலகையை இரவல் தந்தார். எட்டு ஃபேடர்கள், மோட்டாரால் தாமே நகரக்கூடியவை. யூ.எஸ்.பி. வடத்தைச் செருகினோம். விளக்குகள் எரிந்தன. ஃபேடரை நகர்த்தினேன், திரையில் அசைவே இல்லை. திரையில் நகர்த்தினேன், பலகையில் அசைவே இல்லை. இரண்டு இரவுகள் இப்படியே போயின. வடத்தை மாற்றினோம், மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றினோம். பயனில்லை.

தந்தையாரின் ஆம்ப்ளிஃபையரில் குமிழைத் திருகினால் ஒலியே நேராகக் கூடும், குறையும். இந்தப் பலகையின் வழியே ஒலி செல்வதே இல்லை என்பது எனக்கு மூன்றாம் நாள்தான் உறைத்தது. அது அனுப்புவது கட்டளைகளை மட்டுமே. வெவ்வேறு நிறுவனத்தார் செய்த இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக 1983-இல் வகுக்கப்பட்ட ‘மிடி’ என்னும் முறையில், எண்களாக அவை செல்கின்றன. அந்த எண்களுக்குப் பொருள் சொல்லும் மரபுகளோ பல. எங்கள் பலகை ‘எச்.யூ.ஐ.’ மரபில் வைக்கப்பட்டிருந்தது; மென்பொருளில் நாங்கள் தேர்ந்திருந்தது ‘மேக்கி கண்ட்ரோல்’ மரபு. ஒன்று ஃபேடரின் நிலையை இரண்டு துண்டுக் கட்டளைகளாக அனுப்பும். மற்றொன்று, சுரத்தை வளைப்பதற்கென்று ஏற்பட்ட கட்டளையையே ஃபேடருக்குப் பயன்படுத்தும். தமிழறிந்தவரும் தெலுங்கறிந்தவரும் எதிரெதிரே நின்று பேசியதுபோல்தான். பலகையின் மரபை மாற்றினோம். திரையில் அசைவு தெரிந்தது. ஆனால் மோட்டார்கள் இன்னும் உறங்கின. மென்பொருளில் உள்ளீட்டு வழியை மட்டும் குறித்துவிட்டு, வெளியீட்டு வழியைக் குறிக்க மறந்திருந்தோம். அதையும் குறித்தவுடன் எட்டு ஃபேடர்களும் ஒருசேர எழுந்து தத்தம் இடத்தில் நின்றன. நாங்கள் கைதட்டினோம்.

ஆனால் உண்மையான தோல்வி அதன் பிறகே தெரிந்தது. நண்பர் முதலில் மிருதங்கத்தை நினைவிலிருந்தே வாசித்துப் பதிவு செய்து, பிறகு அதன்மேல் பாடியிருந்தார். தனித்தனியே கேட்டால் குற்றமில்லை. சேர்த்துக் கேட்டபோது, தீர்மானத்தில் பாட்டு ஒருபுறமும் மிருதங்கம் ஒருபுறமும் இறங்கின. நான் ஃபேடர்களை ஏற்றிப் பார்த்தேன், இறக்கிப் பார்த்தேன். மிருதங்கத்தைத் தணித்தால் குறை மறைந்ததே தவிர நீங்கவில்லை. எதை உரக்கக் கேட்கலாம், எதை மெல்லக் கேட்கலாம் என்பதைப் பலகை தீர்மானிக்கும். தாளத்தை அது தராது.

அனைத்தையும் அழித்தோம். நண்பர் தொடையில் தாளம் போட்டபடி முதலில் பாட்டை முழுமையாகப் பாடினார். அதைக் காதில் கேட்டுக்கொண்டே மற்ற நான்கையும் வாசித்தார். இம்முறை ஐவரும் ஒருவரானார்கள். விழா மேடையில் நான் ஃபேடர்களை அதிகம் தொடவேண்டிய தேவையே இருக்கவில்லை. அன்றிரவுதான் அந்தப் பழைய படக் காட்சியின் அருமை எனக்கு முழுமையாக விளங்கியது.

இறுதி நாட்கள்

புகழும் பொருளும் சேர்ந்தபின் சின்னப்பா சென்னையிலோ கோவையிலோ நிலைத்துவிடவில்லை. பிறந்த ஊரிலேயே வீடுகளை வாங்கினார். இனி வாங்கக்கூடாதென்று மன்னரே தடுக்கும் அளவுக்கு வாங்கினார் என்று ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்வதுண்டு. ‘பிருதிவிராஜ’னில் உடன் நடித்த ஏ.சகுந்தலாவை 1944-இல் மணந்தார். 1949-இல் வந்த ‘மங்கையர்க்கரசி’யில் மூன்று வேடங்களில் நடித்தார்.

1951-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள். புதுக்கோட்டையில் நண்பர்களுடன் ‘மணமகள்’ படம் பார்த்துவிட்டு வீடு திரும்பியவர் திடீரென உடல் நலம் குன்றி உயிர் நீத்தார். வயது முப்பத்தைந்து. அவர் நடித்த ‘சுதர்ஸன்’ அவர் மறைந்த பிறகே திரைக்கு வந்தது.

அவர் காலத்தில் இல்லாத வசதிகள் இன்று நம் கையில் இருக்கின்றன. ஒரு மாணவன் தன் அறையில் அமர்ந்தே ஐந்து தடங்களைப் பதிவு செய்துவிடலாம். கருவிகளை வசப்படுத்த எங்களுக்கு மூன்று நாட்கள் போதுமாயிருந்தன. தம் குரலையும் கையையும் வசப்படுத்தச் சின்னப்பாவுக்கு, அழைப்பார் இல்லாத ஆண்டுகள் தேவைப்பட்டன. தேர்விலோ போட்டியிலோ தோற்று, நம்மை யார் அழைக்கப்போகிறார்கள் என்று சோர்ந்திருக்கும் தோழர்கள், நம் ஊர்க்காரர் ஒருவர் அத்தகைய நாட்களில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை ஒருமுறை எண்ணிப் பார்க்கவேண்டுகிறேன்.