வாளை வைத்து வழி சமைத்தவர்: மேஜர் ஸ்கின்னர்

போரில் வீழ்ந்த வீரனுக்கு நடுகல் நாட்டிப் பீலி சூட்டிப் போற்றியது நம் தமிழ் மரபு. ஆயின், போர்க்கோலம் களைந்து, குடிமக்கள் நடுவே ஒரு தொழிலை மேற்கொண்டு, வாழ்நாள் எல்லாம் உழைத்தவனுக்கு நாட்டப்பெற்ற கற்கள் மிகச் சில. படைத்தொழிலை விடுத்தவன் அடுத்து யாது செய்வான் என்பது எந்நாட்டிற்கும் எக்காலத்திற்கும் உரிய வினா. அவ்வினாவுக்கு விடையாய் அமைந்த வாழ்க்கையொன்று, நம் சப்பிரகமுவ மலைச்சாரலிலேயே உருவாகத் தொடங்கியது. அதற்குரியவர் மேஜர் தோமஸ் ஸ்கின்னர்.

ஸ்கின்னர் 1804ஆம் ஆண்டு வட அமெரிக்காவின் கீழ்க்கரையை அடுத்த நியூபவுண்லாந்துத் தீவிற் பிறந்தவர். தந்தையார் பிரித்தானியப் பீரங்கிப் படையில் ஓர் அதிகாரி, திருகோணமலையிற் பணிபுரிந்தவர். பள்ளிப்படிப்பை இடையில் விட்டுத் தந்தையாரிடம் வந்து சேர்ந்த சிறுவர், 1819இல், தமது 15ஆம் வயதிலேயே, இலங்கை றைபிள் படையில் லெப்டினன்ட் ஆனார். மீசை அரும்பாத அந்த வயதில், திருகோணமலையிலிருந்து கண்டி வழியாகக் கொழும்புவரை ஒரு படைப்பிரிவைக் காட்டுவழியே நடத்திச் செல்லும் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. வண்டிச் சக்கரம் உருளத்தக்க பாதையே மலைநாட்டில் இல்லாதிருந்த காலம் அது. இந்நாட்டின் காட்டையும் மேட்டையும் அவர் முதன்முதல் அறிந்தது தம் கால்களாலேயே எனலாம்.

கண்டியரசு ஆங்கிலேயர் கைப்பட்டது 1815இல். 1817, 1818ஆம் ஆண்டுகளில் எழுந்த பெருங்கிளர்ச்சி அடக்கப்பட்டபின், மலைநாட்டைக் கையில் வைத்திருக்கப் பாதை வேண்டும் என்பதை ஆள்வோர் உணர்ந்தனர். தேசாதிபதியாயிருந்த சேர் எட்வேட் பார்ன்ஸ், கொழும்பிலிருந்து கண்டிக்கு ஒரு பெருந்தெரு அமைக்கத் துணிந்தார். அத்தெரு இன்றைய கேகாலை மாவட்டத்தை ஊடறுத்து, அம்பேபுசவைக் கடந்து, கடுகண்ணாவைக் கணவாயில் ஏறுவது. அவ்வேலையின் ஒரு பகுதி 1820இல் ஸ்கின்னரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருக்குக் கீழே ஏறத்தாழ 200 கண்டி நாட்டவர். அவர்களுக்கும் தெரு வெட்டிப் பழக்கமில்லை. அவர்களை நடத்த வந்த இளைஞருக்கும் அத்தொழில் தெரியாது. தெரியாததைத் தெரியாதென்று தமக்குள் ஒப்பிக்கொண்டு, செய்து செய்தே கற்றார் அவர். அவர் வாழ்வின் திருப்பம் அங்கேதான் நிகழ்ந்தது எனலாம்.

அளவைக் கலையும் அவருக்கு அவ்வாறே கைவந்தது. தியோடலைட்டு என்னும் கோணம் அளக்கும் கருவியைத் தாமே பயின்று, மலைநாடெங்கும் அளந்து திரிந்தார். சப்பிரகமுவவின் எல்லையில் 7,300 அடிக்கும் மேலாக உயர்ந்து நிற்கும் சிவனொளிபாதமலையின் காடுகள் அவருக்கு வீட்டு முற்றம்போல் ஆயின. யாத்திரிகர் படி பற்றி வருந்தி ஏறும் அம்மலையின் உச்சியிலே 1840இல் அவர் யானையின் காலடித் தடத்தைக் கண்ட செய்தியை, எமேர்சன் தெனன்ற் தம் நூலிற் பதிந்துள்ளார். 1862இல் வெளிவந்த ஜெனரல் பிரேசரின் இலங்கைப் படத்திற்கு ஸ்கின்னரின் மலைநாட்டு அளவைகளும் துணையாயின.

கண்டித் தெருவில் 1832இல் தபால் வண்டி ஓடத் தொடங்கிற்று. அதே ஆண்டில், குடிகளைக் கூலியின்றி வேலைவாங்கிய இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டது. இனித் தெருவேலைக்குக் கூலி கொடுத்தே ஆள் சேர்க்க வேண்டும். பயனியர் படை என்னும் அமைப்பு இவ்வேலையைத் தாங்கியது. பெயர் படையேயாயினும் அதன் கருவிகள் மண்வெட்டியும் கூடையும் அலவாங்குமே. அப்படையில் மிகப் பலர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர். 1841இல் வீதிப் பகுதியின் ஆணையாளராகி, பின்னர்ப் பொது மராமத்து இலாகாவின் தலைவராய் உயர்ந்த ஸ்கின்னர், படையிற் கற்ற ஒழுங்கை இங்கே கொண்டுவந்தார். விடியலில் எழுதல், கணக்கைக் கண்ணாற் பார்த்தல், ஆளோடு ஆளாய்க் காட்டிற் தங்குதல் ஆகியவை சிப்பாய்க்குரிய பழக்கங்கள். அவை போருக்கு மட்டும் பயன்படுவன அல்ல என்பதை அவர் வாழ்வு காட்டியது.

எனினும், இவ்வரலாற்றின் மறுபக்கத்தை மறைத்தல் தகாது. கண்டித் தெருவின் முதற்கற்கள் இராசகாரியத்தால் வயலிலிருந்து பிடித்து வரப்பட்ட குடிகளின் தோள்களில் ஏறிவந்தவை. 1848இல் வந்த வீதிச் சட்டமோ, ஆண்டுக்கு 6 நாள் உடலுழைப்பு, அல்லது அதற்கீடாகப் பணம் என்று குடிகள்மேல் மீண்டும் சுமை ஏற்றியது. அவ்வாண்டு மலைநாட்டில் மூண்ட கிளர்ச்சிக்குரிய காரணங்களுள் அதுவும் ஒன்று. காட்டுக் காய்ச்சலால் மாண்ட தொழிலாளர் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை. தெருவின் தலைவர் என்ற முறையில் ஸ்கின்னர் இவற்றுக்குப் புறம்பானவர் என்று நாம் கூற இயலாது.

ஆயினும் அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தவரும் அல்லர். 1849இல் இந்நாட்டு மக்களின் நிலைபற்றி அவர் எழுதிய விண்ணப்பம் துணிவுடையது. வருவாய் கருதிச் சாராயக் கடைகளை ஊர்தோறும் பெருக விட்டு, அரசு கிராம மக்களின் ஒழுக்கத்தையும் நலத்தையும் கெடுத்துவிட்டது என்று அவர் அதிற் குற்றங் கூறினார். அரசின் ஊதியம் உண்டுகொண்டே அரசின் தவற்றை எடுத்துரைத்தல் எளிதன்று. கட்டளைக்குக் கீழ்ப்படிதல் ஒன்றையே சிறுவயதிற் பயின்றவர், ஆராய்ந்து உண்மை கூறும் குடிப்பணியாளராய் முதிர்ந்தமைக்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

1867இல் அவர் ஓய்வு பெற்றபோது, பாதையற்றிருந்த இந்நாட்டில் ஏறத்தாழ 3,000 மைல் தெருக்கள் இருந்தன. அவற்றுள் ஐந்திலொரு பங்கு கல்லிட்டு இறுக்கிய முதல்தரத் தெருக்கள். அதே ஆண்டில்தான் புகைவண்டியும் கண்டியை எட்டியது. ஸ்கின்னர் 1877இல் இங்கிலாந்திற் காலமானார். அவர் எழுதி வைத்த நினைவுக் குறிப்புகள், இலங்கையில் ஐம்பது ஆண்டுகள் என்னும் பொருள்பட்ட தலைப்புடன் 1891இல் நூலாயின.

கடுகண்ணாவையில், இத்தெருவை வகுத்த கப்டன் டோசனுக்கு ஒரு கோபுரம் நிற்கிறது. ஸ்கின்னரின் பெயரை நெடுநாள் தாங்கியிருந்த கொழும்புத் தெருக்களும் பின்னர்ப் பெயர் மாறின. அதனால் அவருக்குக் குறைவில்லை. கோப்பி நோயுற்று அழிந்தது, தேயிலையும் இறப்பரும் அதன் இடத்தைப் பிடித்தன, ஆள்வோரும் மாறினர். தெருக்களோ நின்றன. பீரங்கி ஏற்றிச் செல்லவென்று எண்ணப்பட்ட வழியிலே, பின்னாளிற் புத்தகப் பையோடு பிள்ளைகள் நடந்தனர். ஒரு கருவி எதற்கென்று செய்யப்பட்டதோ அதற்கு மேலான பயனை அது தருமாயின், அதனைச் செய்தவன் வாழ்வும் மேலானதே.

படைவீட்டை விட்டு வருவோர்க்கு மட்டுமன்றி, ஒரு தொழிலை விடுத்து மற்றொன்றை நாடும் எவர்க்கும் இவ்வரலாற்றிற் பாடம் உண்டு. பழைய பதவியின் பெருமையைச் சுமந்து வருபவன் புதிய தொழிலில் தடுமாறுவான். பழைய தொழிலின் ஒழுக்கத்தை மட்டும் எடுத்து வருபவன் நிலைபெறுவான். ஸ்கின்னரின் பெயரை நினைப்போர், அவரோடு மண் சுமந்த பெயரறியாத் தமிழரையும் சிங்களவரையும் உடன் நினைப்பாராக. தெரு அவர்கள் எல்லாருடையதுமே.