முடி வெட்ட ஆள் கிடைக்காத சிறுவன் பெயரில் பாலம்!

சென்னையில் மயிலாப்பூர்ப் பக்கம் பக்கிங்காம் கால்வாயின் மேல் ஒரு பாலம் இருக்கிறது. சிறிய பாலம்தான். ஆனால் அதன் பெயருக்குப் பெரிய கதை உண்டு.

வெள்ளைக்காரர் ஆட்சியில் அதற்கு ஹாமில்டன் பாலம் என்று பெயர். அந்தப் பெயர் நம் மக்களின் வாயில் நுழையவில்லை. பாலத்தை அந்த நாளில் வாராவதி என்பார்கள். ஹாமில்டன் வாராவதி நாளடைவில் அம்பட்டன் வாராவதி ஆகிவிட்டது! முடி திருத்துவோரைக் குறிக்க அப்போது வழங்கிய சாதிப் பெயர் அது. வெள்ளைக்காரர்கள் அதையே தங்கள் மொழியில் பெயர்த்து, பார்பர்ஸ் பிரிட்ஜ் என்று அழைத்தார்கள்.

பிற்காலத்தில் அந்தப் பாலத்துக்கு டாக்டர் அம்பேத்கர் பெயர் சூட்டப்பட்டது.

இந்தப் பெயர் மாற்றத்தில் யாரும் எதிர்பாராத ஒரு பொருத்தம் இருக்கிறது. அது என்ன? அம்பேத்கரின் வாழ்க்கையைப் பார்த்தால் தெரியும்.

அக்காள் கையில் கத்தரிக்கோல்

1891 ஏப்ரல் 14-ந் தேதி, மத்திய இந்தியாவில் உள்ள மாவ் என்ற ராணுவ முகாம் ஊரில் அவர் பிறந்தார். இயற்பெயர் பீம்ராவ். தகப்பனார் ராம்ஜி, பட்டாளத்தில் சுபேதார். தாயார் பீமாபாய். இவர்களுக்கு 14-வது பிள்ளை பீம்ராவ்.

தகப்பனார் பட்டாளத்துச் சுபேதார் என்றாலும் சாதி விடவில்லை. அவர்கள் மகர் வகுப்பினர். தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள்.

பிறகு குடும்பம் சதாராவில் குடியேறியது. அந்த ஊரில் முடி திருத்துவோர் பலர் இருந்தனர். காசு கொடுக்க வீட்டில் வசதியும் இருந்தது. ஆனால் பீம்ராவின் தலையைத் தொட ஒருவரும் முன்வரவில்லை. அவருடைய அக்காள்தான் தம்பிகளுக்கு முடி வெட்டி விட்டாள்.

பள்ளிக்கூடத்திலும் இதே கொடுமை. மற்றப் பிள்ளைகள் ஒரு பக்கம். பீம்ராவ் தனியே ஒரு மூலையில். உட்காருவதற்கு வீட்டில் இருந்து சாக்குத் துணி கொண்டு போக வேண்டும். தாகம் எடுத்தால் குழாயைத் தொடக்கூடாது. பள்ளிச் சேவகன் வந்து திறந்து விட்டால்தான் தண்ணீர். சேவகன் வராத அன்று தண்ணீர் இல்லை!

கடல் கடந்த படிப்பு

தாயை இழந்தபோது பீம்ராவ் சின்னஞ்சிறுவன். தகப்பனார் விடாமல் படிக்க வைத்தார். குடும்பம் பம்பாய்க்குப் போனது. 1912-ல் பீம்ராவ் பி.ஏ. பட்டம் பெற்றார்.

பரோடா மகாராஜா உதவிப் பணம் கொடுத்தார். 1913-ல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். நியூயார்க் நகரில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பிறகு லண்டனிலும் படித்துப் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பாரிஸ்டரும் ஆனார்.

இடையில் 1917-ல் பரோடா அரசாங்கத்தில் வேலை பார்த்தார். பெரிய உத்தியோகம். ஆனால் குடியிருக்க வீடு கிடைக்கவில்லை. பார்சிகளின் விடுதி ஒன்றில் தங்கினார். அவர் சாதி தெரிந்ததும் தடியுடன் ஆட்கள் வந்து வெளியேறச் சொன்னார்கள். அமெரிக்காவில் படித்துப் பெற்ற பட்டமும் அன்று அவருக்குத் துணை வரவில்லை.

குளத்துத் தண்ணீர்

மகாட் என்ற ஊரில் சவுதார் குளம் என்று ஒரு பொதுக்குளம். எல்லோரும் தண்ணீர் எடுக்கலாம் என்று நகரசபையே தீர்மானம் போட்டிருந்தது. ஆனால் ஒதுக்கப்பட்ட மக்கள் அருகில் போக முடியவில்லை.

1927 மார்ச் 20-ந் தேதி, அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களுடன் அந்தக் குளத்துக்கு நடந்து போனார். குனிந்து, ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். கூட வந்தவர்களும் குடித்தார்கள்.

அதற்காக அடி விழுந்தது. வழக்கும் நடந்தது. 10 ஆண்டு காத்திருந்த பின், 1937-ல் பம்பாய் ஐகோர்ட்டு அம்பேத்கர் பக்கம் தீர்ப்பு சொன்னது.

1930-ல் லண்டனில் நடந்த வட்டமேஜை மாநாட்டுக்கும் அவர் போனார். கூடச் சென்ற இரட்டைமலை சீனிவாசன் நம் செங்கற்பட்டுச் சீமையைச் சேர்ந்தவர்; கோழியாளத்துக்காரர்.

வாரம் 48 மணி

1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் இலாகா அம்பேத்கரிடம் இருந்தது. அதுவரை தொழிற்சாலைகளில் வாரத்துக்கு 54 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். அதை 48 மணியாகக் குறைக்க அவர் மசோதா கொண்டு வந்தார். 1946-ல் அது சட்டம் ஆயிற்று. ஆறு நாள் வேலை, நாளுக்கு எட்டு மணி என்ற கணக்கு அதுதான்.

இன்று மண்ணூரிலும் ஒரகடத்திலும் ஷிப்டு முடிந்து பஸ் ஏறும் தொழிலாளிக்கு அந்த 48 மணிக் கணக்கு பழகிப்போன ஒன்று. ஆனால் அது தானாக வந்துவிடவில்லை.

கடை என்றால் என்ன?

1947-ல் நாடு விடுதலை அடைந்தது. அரசியல் சட்டத்தின் நகலைத் தயாரிக்க ஏழு பேர் குழு அமைத்தார்கள். தலைவர் அம்பேத்கர். ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் வெளிநாட்டில் இருந்தார், மற்றவர்களும் முழுமையாக ஈடுபட முடியவில்லை. கடைசியில் பாரம் முழுவதும் அம்பேத்கர் தலையில் விழுந்தது என்று, சென்னை டி.டி.கிருஷ்ணமாச்சாரியே சபையில் எடுத்துச் சொன்னார். அப்போது அம்பேத்கருக்கு உடல்நலமும் சரியில்லை.

1948 நவம்பர் 29-ந் தேதி, தீண்டாமையை ஒழிக்கும் பிரிவு நிறைவேறியது. அதே நாளில் இன்னொரு பிரிவும் விவாதத்துக்கு வந்தது. கடைகள், ஓட்டல்கள், கிணறுகள், குளங்கள், சாலைகள் இவற்றில் சாதியைக் காட்டி யாரையும் தடுக்கக்கூடாது என்பது அந்தப் பிரிவு.

கடை என்றால் எது எது என்று சபையில் கேள்வி வந்தது. அம்பேத்கர் விளக்கம் கொடுத்தார். பொருள் விற்கும் இடம் மட்டும் கடை அல்ல. கூலிக்கு வேலை செய்து தரும் எவருடைய இடமும் கடைதான் என்றார். உள்ளே வர விட்டால் மட்டும் போதாது, கேட்ட வேலையையும் செய்து தர வேண்டும் என்பதும் அவர் தந்த பொருள்.

அப்படியானால் முடி திருத்தும் கடையும் அதில் சேர்ந்துவிட்டது! அக்காளிடம் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருந்த சிறுவன், இனி எந்தச் சிறுவனுக்கும் அந்த நிலை வரக்கூடாது என்று சட்டமே செய்துவிட்டார்.

1956 அக்டோபர் 14-ந் தேதி நாகபுரியில் லட்சக்கணக்கான மக்களுடன் அம்பேத்கர் புத்த மதத்தைத் தழுவினார். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 6-ந் தேதி டெல்லியில் காலமானார். 1990-ல் அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது.

முடி திருத்துவோர் பெயரால் அழைக்கப்பட்ட பாலத்துக்கு, முடி திருத்த ஆள் கிடைக்காத சிறுவனின் பெயர் வந்த கதை இதுதான். பெயர்ப் பலகையை ஒரு நாளில் மாற்றிவிடலாம். ஊருக்குள் தனிக் குவளையும் தனி வழியும் எங்கேயாவது மிச்சம் இருந்தால், அதை மாற்றுவதுதான் பெரிய வேலை. பாலத்தைக் கடக்கும்போது பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.