ஐந்தாம் சுவை கண்ட பேராசிரியர் இகேடா

(இளம் அறிவியல், வேதியியல், இரண்டாம் ஆண்டு)

அறுசுவை என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். இனிப்பு, புளிப்பு, கார்ப்பு, உவர்ப்பு, துவர்ப்பு, கைப்பு என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவோம். மேலைநாட்டு அறிவியலோ நெடுங்காலம் இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு ஆகிய நான்கை மட்டுமே சுவை என்று ஏற்றுக்கொண்டிருந்தது. கார்ப்பு ஓர் எரிச்சல், துவர்ப்பு வாயை இறுக்கும் ஓர் உணர்ச்சி, அவ்வளவுதான் என்பது அதன் கணக்கு. இந்த இரண்டு பட்டியலிலும் இடம்பெறாத ஒரு சுவை உண்டு. அது முற்றிய தக்காளியிலும் உண்டு, கறிக்குழம்பிலும் உண்டு என்று சொன்னார் ஒருவர். சொன்னதோடு நில்லாமல் அதைப் படிகமாக்கிப் புட்டியில் அடைத்தும் காட்டினார். அவர்தாம் ஜப்பானிய வேதியியல் பேராசிரியர் கிக்குனே இகேடா.

அவரை நான் அறிந்துகொண்டது வகுப்பறையில் அன்று, அடுப்பங்கரையில்! சென்ற விடுமுறையில் என் சித்தப்பா மகன் வந்திருந்தான். நகரத்து ஓட்டல் ஒன்றில் சமையல் உதவியாளனாக இருப்பவன். மாட்டுக்கறியை ஜப்பானியர் முறையில் கால்மணி நேரத்தில் சமைத்துவிடலாம், அதற்குத் தெரியாக்கி என்று பெயர் என்றான். பெயரைக் கேட்டதும் ஏதோ தமிழ்ச்சொல் போல் இருக்கிறதே என்று வீட்டில் எல்லோரும் சிரித்தோம். ‘தெரி’ என்றால் பளபளப்பு, ‘யாக்கி’ என்றால் வாட்டியது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். சோயா சாஸும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சிய பாகு கறியின்மேல் பூசினாற்போல் மின்னும். அதனால் அந்தப் பெயர். சோயா சாஸும் கறியும் சேரும்போது சுவை ஏன் இப்படிப் பன்மடங்காகிறது என்று கல்லூரி நூலகத்தில் தேடத் தொடங்கியவன், இகேடாவின் வாழ்க்கையில் வந்து நின்றேன்.

இகேடா 1864-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் கியோட்டோ நகரில் பிறந்தார். சத்சுமா நாட்டைச் சேர்ந்த சாமுராய்க் குடும்பம். அவருக்கு நான்கு வயது நிரம்புவதற்குள் பழைய ஆட்சி கவிழ்ந்து மெய்ஜி பேரரசரின் ஆட்சி வந்தது. 1876-இல் சாமுராய்களுக்குப் பரம்பரையாக வழங்கப்பட்டுவந்த படி நிறுத்தப்பட்டு, அதற்கு ஈடாகக் கடன் பத்திரங்கள் கொடுக்கப்பட்டன. வாளை நம்பி வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் படிப்பை நம்பி வெளியேறிய காலம் அது. இளைஞர் இகேடா தம் படுக்கையை விற்று வழிச்செலவுக்குப் பணம் சேர்த்துக்கொண்டு தோக்கியோவுக்குப் புறப்பட்டார் என்று கூறுவர். கல்லூரியில் சேரும்போது கட்டணத்துக்காக வீட்டிலிருந்த பொருளொன்று கடைக்குப் போனதைப் பார்த்தவன் நான். ஆகவே இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தைச் சற்று மூடிவைத்தேன்.

அந்நாளைய ஜப்பானின் உணவைப் பற்றியும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். கி.பி. 675-இல் தெம்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சியை உண்ணலாகாது என்று ஆணையிட்டார். அன்று தொடங்கி ஆயிரம் ஆண்டுக்கு மேல் மாட்டிறைச்சி அந்நாட்டில் விலக்கப்பட்ட உணவாகவே இருந்தது. மறைவாக உண்டவர்கள் இருந்தார்கள். மருந்து என்று பெயர் சொல்லி உண்டவர்களும் இருந்தார்கள். 1872-இல் மெய்ஜி பேரரசர் தாமே மாட்டிறைச்சி உண்டதை நாடறியச் செய்தார். முந்தின நாள்வரை இழிவு எனப்பட்டது மறுநாள் நாகரிகம் ஆயிற்று! அப்போது இகேடாவுக்கு வயது 7. மனிதன் உண்பதில் எது உயர்வு, எது தாழ்வு என்பது ஓர் ஆணையில் மாறிவிடுகிற செய்திதானா என்று எண்ணிப் பார்க்கிறேன். இது நிற்க.

1889-இல் இகேடா தோக்கியோவிலிருந்த பேரரசுப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டம் பெற்றார். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் சில ஆண்டு கற்பித்தபின், 1896-இல் தாம் படித்த பல்கலைக்கழகத்திலேயே துணைப் பேராசிரியரானார். 1899-இல் அரசு அவரை ஜெர்மனிக்கு அனுப்பிவைத்தது. லைப்சிக் நகரில் இயற்பியல் வேதியியலின் முன்னோடிகளுள் ஒருவரான வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, வினையூக்கிகளைப் பற்றி ஆராய்ந்தார். ஆஸ்ட்வால்டு 1909-இல் நோபல் பரிசு பெற்றவர். அவருடைய நீர்த்தல் விதியை நாம் தேர்வுக்காக உருப்போட்டிருக்கிறோம்.

ஜெர்மனியில் இகேடாவின் கண்ணில் பட்டவை கருவிகள் மட்டும் அல்ல. அந்நாட்டு மக்களின் உடற்கட்டும்தான். தம் நாட்டவர் மெலிந்திருப்பதற்கு ஊட்டக்குறைவே காரணம் என்ற கவலை அவருக்குப் பிறந்தது. உணவு மேசையில் தக்காளி, பாலாடைக்கட்டி, இறைச்சி ஆகியவற்றை உண்ணும்போது நான்கு சுவைகளுக்குள் அடங்காத ஏதோ ஒன்று இவற்றில் பொதுவாக இருப்பதாகவும் அவருக்குத் தோன்றியது. வயிறு நிறைந்தால் போதும் என்று நாம் எழுந்து கைகழுவப் போகிற இடத்தில் அவர் ஒரு கேள்வியோடு எழுந்தார்.

நாடு திரும்பும் வழியில் 1901-இல் சில மாதம் இலண்டனில் தங்கினார். அங்கே அவரோடு ஒரே விடுதியில் ஏறக்குறைய இரண்டு மாதம் இருந்தவர் நட்சுமே சோசெகி. பிற்காலத்தில் ஜப்பானின் தலைசிறந்த நாவலாசிரியராகப் போற்றப்பட்டவர். அன்று அவர் தனிமையிலும் மனச்சோர்விலும் வாடிய ஓர் ஆங்கில ஆசிரியர். வேதியியலாரோடு பேசிப் பேசி, இலக்கியத்தையும் அறிவியல் போல் அடிப்படையிலிருந்து ஆராயவேண்டும் என்ற வேகம் அவருக்கு உண்டாயிற்று. இலக்கிய மாணவர்களும் நாங்களும் ஒரே மரத்தடியில் அமர்ந்தும் ஒருவர் பாடத்தை ஒருவர் கேட்டுக்கொள்வதில்லையே என்று அப்போது எண்ணிக்கொண்டேன்.

1901-லேயே பேராசிரியர் பதவி கிடைத்தது. இனி அந்தப் பெருஞ்செயலுக்கு வருவோம். அவருடைய மனைவி கடற்பாசி ஊறிய நீரில் டோஃபுவை வேகவைத்துப் பரிமாறிய ஒரு நாளில் அந்தப் பழைய கேள்வி மீண்டும் எழுந்தது என்று சொல்லப்படுகிறது. அந்தப் பாசிக்கு ஜப்பானிய மொழியில் ‘கொம்பு’ என்று பெயர். (நம் மாட்டுக் கொம்புக்கும் அதற்கும் உறவில்லை!) ஜப்பானியர் வீடுகளில் அதை ஊறவைத்த நீர்தான் பல குழம்புகளுக்கு அடிப்படை. அதே காலத்தில் மியாக்கே என்ற மருத்துவ அறிஞர், சுவையான உணவே நன்கு செரிக்கும் என்று எழுதியிருந்ததை இகேடா படித்தார். எளிய உணவையும் சுவையாக்க ஒரு வழி கண்டால் ஏழை ஜப்பானியன் உடல் தேறுவான் என்று முடிவு செய்துகொண்டு ஆராய்ச்சியில் இறங்கினார்.

அதன் செய்முறையை வேதியியல் மாணவர்கள் சற்று நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன். உலர்ந்த பாசியை நீரில் இட்டுச் சாரம் எடுக்க வேண்டும். அந்தச் சாரத்தில் மிகுதியாக இருப்பவை மானிட்டாலும், சோடியம், பொட்டாசியம் குளோரைடுகளும். அவற்றைப் படிகமாக்கி நீக்க வேண்டும். எஞ்சிய கரைசலை ஈய உப்பால் வீழ்படிவாக்கிப் பிரிக்க வேண்டும். அதன்பிறகும் பல படிகள். ஒவ்வொரு படியிலும் வடிகட்டியதில் இருக்கிறதா, வண்டலில் இருக்கிறதா என்று அந்தச் சுவையைத் தேடிக்கொண்டே போக வேண்டும். குறைந்த அழுத்தத்தில் மெல்ல ஆவியாக்கியபின் 1908-இல் படிகங்கள் தோன்றின. மூட்டை மூட்டையான பாசியிலிருந்து கிடைத்தது சுமார் 30 கிராம்தான். ஆராய்ந்து பார்த்தால் அது குளூட்டாமிக் அமிலம்!

அது புதிய பொருள் அன்று. 1866-லேயே ரிட்ஹவுசன் என்ற ஜெர்மானியர் கோதுமைப் புரதத்திலிருந்து அதைப் பிரித்திருந்தார். நாற்பது ஆண்டுக்கு மேலாக அது ஆய்வுக்கூட அலமாரிகளில் இருந்தது. ஆயினும் அதனிடம் ஒரு தனிச்சுவை இருப்பதை எவரும் எடுத்துச் சொல்லவில்லை. அமிலமாக இருக்கும்போது அது புளிக்கிறது. நடுநிலையாக்கி உப்பாக மாற்றினால்தான் அந்தச் சுவை வெளிப்படுகிறது. சர்க்கரையை 200 மடங்கு நீரிலும், சமையல் உப்பை 400 மடங்கு நீரிலும் கரைத்தால் சுவை தெரியும் எல்லை வந்துவிடுகிறது. குளூட்டாமேட்டோ 3,000 மடங்கு நீரிலும் தெரிந்தது என்று அவர் அளந்து எழுதினார். அந்தச் சுவைக்கு ‘உமாமி’ என்று பெயரிட்டார். சுவையானது என்ற பொருளுள்ள எளிய வீட்டுச் சொல்லிலிருந்து எடுத்த பெயர் அது.

1908 ஜூலையில் காப்புரிமை கிடைத்தது. கடற்பாசியிலிருந்து அயோடின் எடுத்து விற்றுவந்த சபுரோசுக்கே சுசுகி என்ற தொழிலதிபர் உற்பத்தியை ஏற்றுக்கொண்டார். 1909-இல் ‘அஜினோமோட்டோ’ கடைக்கு வந்தது. கோதுமைப் புரதத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் காய்ச்சியே அதைச் செய்தார்கள். அமிலம் உலோகப் பாத்திரங்களை அரித்துவிட்டதால் மண் தாழிகளைப் பயன்படுத்தினார்கள். ஆலையிலிருந்து வந்த அமிலப் புகையைக் கண்டு அக்கம்பக்கத்தார் எதிர்த்தனர். பிறகு ஆலையே கவாசாகிக்கு மாறியது. என் தந்தை தோல் தொழிற்சாலைத் தொழிலாளி. தொழில் வந்த ஊரின் காற்றும் நீரும் என்ன ஆகும் என்பதை அவர் வாயிலாக நான் அறிவேன். வரலாற்று நூல்கள் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகின்றன. ஏழையின் தட்டை நினைத்துத் தொடங்கிய பொருள் முதலில் போய்ச் சேர்ந்ததும் வசதியுள்ள வீடுகளுக்குத்தான். இதில் இகேடாவைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. எனினும் அவர் கனவுக்கும் கடைக்கும் இடையே தொலைவு இருந்தது என்பதை மறைக்கவும் முடியவில்லை.

1917-இல் தோன்றிய இயற்பியல், வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான ரிக்கெனில் வேதியியல் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். 1923-இல் பல்கலைக்கழகப் பணியிலிருந்து விடைபெற்று, மறு ஆண்டு மீண்டும் லைப்சிக் சென்று 1931 வரை அங்கேயே ஆராய்ச்சி செய்தார். 1936 மே 3-ஆம் நாள் மறைந்தார்.

அவர் சொன்ன ஐந்தாம் சுவையை உலகம் உடனே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. 1968-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஒரு கடிதத்தைத் தொடர்ந்து, அந்த உப்பைக் கண்டாலே அஞ்சும் நிலை வந்தது. நம் ஊரிலும் அஜினோமோட்டோ என்றால் நஞ்சு என்பது போல் பேசுவோர் உண்டு. பின்னர் நடந்த கட்டுப்பாடான சோதனைகள் அந்த அச்சத்தை உறுதி செய்யவில்லை. தாய்ப்பாலிலேயே குளூட்டாமேட் நிறைந்திருக்கிறது. 2000-க்குப் பிறகு, நாவில் இந்தச் சுவையை உணரும் ஏற்பிகளையும் ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தனர். இகேடா மறைந்து அறுபது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

இப்போது என் தெரியாக்கிக்கு வருகிறேன். இகேடாவின் மாணவர் கொடாமா 1913-இல் உலர்ந்த மீனிலிருந்து இனோசினேட் என்ற மற்றொரு சுவைப் பொருளைக் கண்டார். மாட்டிறைச்சியிலும் அது உண்டு. குளூட்டாமேட்டும் இனோசினேட்டும் சேர்ந்தால் கூட்டல் கணக்கில் இல்லாமல் பெருக்கல் கணக்கில் சுவை ஏறும். சோயா சாஸில் முன்னது, கறியில் பின்னது. நூலகத்தில் நான் தேடிய விடை இதுதான்!

எலும்பில்லாத அரைக்கிலோ கறியை நாருக்குக் குறுக்காக மெல்லியதாக அரிந்துகொண்டேன். நாரின் போக்கில் அரிந்தால் எவ்வளவு வாட்டினாலும் மெல்ல முடியாது. இது அம்மா சொன்னது. 4 மேசைக்கரண்டி சோயா சாஸ், 2 மேசைக்கரண்டி சர்க்கரை, தட்டிய இஞ்சி, சிறிது நீர். ஜப்பானியர் சேர்க்கும் மிரின் என்ற இனிப்பு அரிசி மது எங்கள் ஊரில் ஏது? இரும்புத் தோசைக்கல் புகையும்வரை காய்ந்தபின் கறியைப் பரப்பி, இருபுறமும் நிறம் மாறியதும் பாகை ஊற்றிக் கிளறினால், இரண்டு மூன்று நிமிடத்தில் நீர் சுண்டிக் கறி மின்னத் தொடங்குகிறது. முதல் முறை பழக்கதோஷத்தால் உப்பையும் போட்டுவிட்டேன். சோயா சாஸே உப்பு என்பது நினைவில்லை. அம்மா ஒரு துண்டை வாயிலிட்டு, மிளகுத்தூள் தூவிக்கொண்டு, எலும்பு வேகவைத்த நீரின் ருசியல்லவா இது என்றார். பள்ளிக்கூடம் போகாத என் அம்மாவின் நாக்கும் பேராசிரியரின் நாக்கும் ஒரே இடத்தைத் தொட்டுவிட்டன.

இரண்டு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைக் கறியில் மீந்ததை நான் திங்கட்கிழமை கல்லூரிக்குக் கொண்டுவந்ததே இல்லை. தயிர்ச்சோறுதான். ஏன் என்று கேட்ட அம்மாவிடம், வகுப்பில் தூக்கம் வரும் என்று சொல்லிவைத்திருந்தேன். அந்தத் திங்கட்கிழமை சோற்றோடு தெரியாக்கியையும் எடுத்துவந்து, இன்ன கறி என்று சொல்லிவிட்டே டப்பாவைத் திறந்தேன். உடன் அமர்ந்திருந்த மூவரில் ஒருவன் ஒன்றும் பேசாமல் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போனான். மற்ற இருவரும் ஆளுக்கு ஒரு துண்டு எடுத்தார்கள். உப்பு சற்று தூக்கல் என்றான் ஒருவன். உண்மைதான், இரண்டாம் முறையும் சோயா சாஸ் கொஞ்சம் கூடிவிட்டிருந்தது.